குளிருக்கு வந்த கம்பளி

எங்கள் ஊரில் அந்த நோயின் முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை. குளிர்காய்ச்சல் என்று வாய்விட்டுச் சொன்னால், யாரோ தன்னைக் கூப்பிட்டதாக நினைத்து அது வீட்டுக்குள் வந்து பாயை விரித்துக்கொள்ளும் என்பது செலியமேட்டுப் பெண்களின் பயம். ஆகவே பாதிப் பெயர்தான். "அவுளுக்குக் குளிரு வந்துட்ச்சு" என்பார்கள். "அவனுக்குக் குளிரு வுட்டுட்ச்சு" என்பார்கள். பின்பாதியை எச்சிலோடு விழுங்கிவிடுவார்கள். விழுங்கப்பட்ட அந்தப் பின்பாதிதான் பிரெஞ்சு தேசத்தின் கருணையைக் கப்பலோடு திசை திருப்பிவிட்டது.

இப்போது பெரிய சண்டை ஓய்ந்து, பெரிய தேசங்கள் மேசை போட்டு உட்கார்ந்திருக்கின்றன. உலகத்தில் வறுமையையும் நோயையும் ஒழிப்பது தங்கள் பொறுப்பு என்று பேசிக்கொள்வதாகப் பத்திரிகையில் படிக்கிறேன். நல்ல சேதி. மல்லாந்து படுத்துக்கொண்டு நானும் சந்தோஷப்படுகிறேன். ஆனால் படித்து முடித்ததும் கழுத்திலும் அக்குளிலும் அரிப்பெடுக்கிறது. கம்பளியின் அரிப்பு அது. இருபது வருஷத்துக்கு முன்பு உடுத்திய கம்பளி. இன்னும் உடம்பைவிட்டுப் போகவில்லை.

எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டில் இருந்தேன். பாகூர் ஏரித் தண்ணீர் பாயும் வயல்கள். அதன் ஓரத்தில் கரும்பு. கரும்புக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவே வருஷம் முழுக்க வற்றாத ஒரு பள்ளம். வானத்தை இரண்டு முழத்துக்குக் காட்டும் அந்தப் பள்ளத்தில்தான் எங்கள் கொசுக்கள் பிறந்து, வளர்ந்து, வம்சம் பெருக்கின. ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் பிரான்சு, அந்தப் பக்கம் இங்கிலாந்து என்று இரண்டு சாம்ராஜ்யங்களும் எங்கள் வயல்களைத் துண்டு துண்டாகக் கிழித்து ஒட்டுப்போட்டு வைத்திருந்தன. மனிதருக்குச் சாவடி, மாட்டுக்குச் சாவடி, மூட்டைக்குச் சாவடி. கொசு மட்டும் இரு கொடியின் கீழும் வரியில்லாமல் பறந்தது. அதற்கு எல்லா ரத்தமும் ஒரே ருசி.

அக்காதான் எங்கள் பக்கத்து நடவுக் கூட்டத்துக்கு முன்னத்தி ஆள். அவள் சேற்றில் இறங்கினால் மற்ற பெண்கள் வரிசை பிடிப்பார்கள். அவள் கையைவிட அவள் வாய்க்குத்தான் பேர் அதிகம். பண்ணையாரின் குடைக்கும், கணக்குப்பிள்ளையின் தொப்பைக்கும், கடந்துபோகும் பாதிரியாரின் அங்கிக்கும் அந்த வாயில் ஒரு பட்டப்பெயர் தயாராக இருக்கும். அந்த அக்காவைக் கார்த்திகை மழைக்குப் பிறகு குளிர் பிடித்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், சூரியன் உச்சிக்கு வரும் நேரத்துக்கு, வீட்டுக்கு மாப்பிள்ளை வருகிற மாதிரி தவறாமல் வந்தது. முதலில் நகக்கண் நீலமாகும். பிறகு பல் கிட்டும். பிறகு கட்டியிருக்கும் வீடே ஆடுகிற மாதிரி உடம்பு ஆடும். கோணிப்பை, வைக்கோல், மாமாவின் வேட்டி, என் பாவாடை எல்லாவற்றையும் மேலே போட்டு, அதன்மேல் நானும் படுத்து அமுக்கினாலும் ஆட்டம் நிற்காது. அப்புறம் அனல். அப்புறம் வேர்வை. மறுநாள் எழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல், "நேத்து கூத்து நல்லா இருந்துதாடி?" என்று என்னிடம் கேட்பாள்.

தை மாதத்துக்குள் அவள் இடது விலாவுக்குக் கீழே ஆமை ஓட்டைப்போல ஒரு கட்டி கெட்டிப்பட்டுவிட்டது. எங்கள் தெருவில் அதே கட்டியோடு இருந்த இரண்டு பெண்கள் பொங்கலைப் பார்க்கவில்லை. கொம்யூன் என்கிற பிரெஞ்சு ஊராட்சி நடத்தும் ஆஸ்பத்திரியின் கம்பவுண்டர் மாமாவைத் தனியே கூப்பிட்டு, கொயினா மருந்து கிடைக்காவிட்டால் அடுத்த நடவுக்கு இவள் இருக்கமாட்டாள் என்று சொன்னார். மாமா என்பது அக்காவின் கணவர். கரும்பு வண்டி ஓட்டுபவர். மாட்டைக்கூட அதட்டத் தெரியாதவர். அவர் அழுதுகொண்டே கேட்டாராம்:

"கொயினா எப்பங்க வரும்?"

"கப்பல்ல வருது."

"கப்பல் எப்பங்க வரும்?"

"அது கொயினா ஏத்துனதும் வரும்."

ஆஸ்பத்திரியில் அப்போது இருந்தவை: ஒரு கட்டடம், அதன்மேல் மூன்று நிறக் கொடி, கொடிக்குக் கீழே சிவப்புத் தண்ணீர் ஒரு புட்டி. தலைவலிக்கும் அதே தண்ணீர், தேள்கடிக்கும் அதே தண்ணீர்.

இந்த நிலையில்தான் மதாம் வந்தார். பிரான்சில் வசதியான வீட்டுப் பெண்கள் சிலர் ஒன்றுகூடி, கடல்தாண்டிய ஏழைகளுக்கு உதவுவது என்று சபை வைத்திருந்தார்களாம். அதன் சார்பில் புதுச்சேரிக்கு வந்து, எங்கள் கஷ்டத்தை நேரில் பார்க்கக் கிளம்பியவர். தவளக்குப்பம் வரைக்கும் சீறிக்கொண்டு வந்த மோட்டார் வண்டி எங்கள் மண்பாதையில் சக்கரம் புதைந்து நின்றது. மாமாவின் கரும்பு வண்டியில் ஜமுக்காளம் விரித்து அழைத்து வந்தார்கள். கூடவே எங்கள் மேர், அதாவது கொம்யூனுக்குத் தலைவர். சரிகைத் தலைப்பாகையும் வெயிலில் உருகும் மீசை மெழுகுமாக. மூன்றாவதாக, பேச்சை மொழிபெயர்க்கப் பட்டணத்திலிருந்து ஒரு துபாஷி. சேற்றைப் பார்த்துக் காலைத் தூக்கித் தூக்கி வைத்த அந்த மனிதர் தமிழையும் அதேபோலத்தான் பேசினார்; எந்தச் சொல்லிலும் அழுத்தி மிதிக்கமாட்டார்.

மதாம் கெட்டவர் இல்லை. இதை நான் கேலிக்குச் சொல்லவில்லை. குழந்தைகளின் சிரங்குத் தலையைத் தயங்காமல் தொட்டார். கண்ணில் நிஜமாகவே நீர் இருந்தது. வாசனைத் தைலம் நனைத்த கைக்குட்டையால் நெற்றி வேர்வையை ஒற்றி ஒற்றி எடுத்தபடி அவர் ஏதோ கேட்க, துபாஷி எங்களைப் பார்த்தார்.

"உங்களை மிகவும் வாட்டுவது யாது என்று மதாம் வினவுகிறார்கள்."

தெருவே ஒரே குரலில் சொன்னது: "குளிருதாங்கோ!"

"குளிரா?"

"ஆமாங்கோ. ரெண்டு பொம்பளைங்க செத்தே பூட்டாங்கோ குளிருல."

துபாஷி ஒரு கணம் வானத்தைப் பார்த்தார். தையானாலும் உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனால் ஏழைகள் பொய் சொல்வார்கள் என்றோ, தமக்குப் புரியவில்லை என்றோ ஒரு மதாமிடம் சொல்வது அவர் உத்தியோகத்துக்கு அழகில்லை. குளிர் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லை, "ஃபுருவா" என்றார். அந்த ஒரு சொல்லை நான் மறக்கவே இல்லை. கதவிடுக்கில் காற்று நுழையும் சத்தம். மதாம் மார்பில் கைவைத்து, "ஓ!" என்றார்.

அதே நேரம் எங்கள் வீட்டில் உச்சிப்பொழுது. அக்காவுக்கு முறை. மதாமைக் கூட்டிவந்து காட்டினார்கள். கோணிப்பைகளின் குவியலுக்கு அடியில் அக்கா பல் கிட்ட நடுங்கிக்கொண்டிருந்தாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கையில் விசிறியோடு வேர்த்து வழிந்துகொண்டே, இந்தியாவின் ஏழைகள் குளிரில் சாகிறார்கள் என்று மதாம் மனதார நம்பிவிட்டார். அக்காவின் நெற்றிவரை நீண்ட அவர் கையை மேர் மரியாதையாக இடைமறித்து, "ஒட்டிக்குங்க மதாம்" என்று பின்னுக்கு இழுத்துவிட்டார். இன்னும் நாலு விரற்கடை போயிருந்தால் அந்தக் கை விஷயத்தைத் தெரிந்துகொண்டிருக்கும்.

சித்திரையில் மூட்டைகள் வந்தன. கப்பல் வந்தே வந்துவிட்டது. பாகூரில் கூட்டம் போட்டுக் கொடுக்கப்போகிறார்கள் என்று தண்டோராக்காரன் தெருத்தெருவாகத் தட்டினான். மாமா சலவை வேட்டி கட்டிக்கொண்டார். காய்ச்சல் இல்லாத நாள் என்பதால் அக்காவும் வண்டியில் ஏறினாள். மருந்தை வாங்கி அங்கேயே விழுங்கிவிட வேண்டுமென்று நான் ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டேன்.

மூட்டையை அறுத்தார்கள். உள்ளேயிருந்து கம்பளிச் சட்டை வந்தது. மூக்குப்பொடி நிறத்தில், சாம்பல் நிறத்தில், ஆட்டுக்குட்டி நிறத்தில். அப்புறம் முழங்கால்வரை ஏறும் மேஜோடு. அப்புறம் காதை மூடித் தாடைக்குக் கீழே முடிச்சுப்போடும் குல்லா. அப்புறம், கட்டைவிரலுக்கு மட்டும் தனி அறை ஒதுக்கி, மற்ற நாலு விரல்களையும் ஒரே அறையில் அடைத்துவைக்கும் ஒரு வகைக் கையுறை. கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. அடியில் மருந்து இருக்கும் என்று எல்லாரும் பொறுமையாக இருந்தோம். அடியில் இன்னும் கம்பளி இருந்தது. அதற்கும் அடியில் அந்துருண்டை இருந்தது. வெள்ளையாக, உருண்டையாக இருந்ததால் மாமா அதைத்தான் கொயினா என்று நினைத்துக் கும்பிட்டார்.

மேர் நாற்காலியில் ஏறி நின்று பேசினார்.

"குடிமக்களே! குளிருது குளிருதுன்னு நீங்க மதாம் கிட்ட முறையிட்டீங்க. கடலுக்கு அந்தாண்ட இருக்கிற சீமாட்டிங்க அதக் கேட்டுத் துடிச்சுப் பூட்டாங்க. தங்களோட சொந்தக் கையால, ராவும் பகலும் பின்னி அனுப்பியிருக்காங்க. பிரான்சு நம்ப தாய்! கொழந்தைக்குக் குளிருனா எந்தத் தாய்தான் பொறுப்பா?"

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. ஏரிக்கரைப் பனைமரங்கள் சரசரத்தன. பின்வரிசையிலிருந்து அக்காவின் குரல் எழுந்தது.

"தாயின்னா நெத்தியில கை வெச்சுப் பாத்திருக்குமேங்க."

சிரிப்பு முதலில் பெண்கள் பக்கம் கிளம்பி, ஆண்கள் பக்கம் பரவி, நாற்காலியின் கால்வரைக்கும் போனது. மேருக்கு முகம் கறுத்தது. "யாரது? எவ அது?" என்றவர், சிரிப்பை அடக்கக் கைதட்டும்படி உத்தரவிட்டார். தட்டினோம். பிறகு புகைப்படம். நன்றியோடு இருக்கும் முகங்களைச் சீமைக்கு அனுப்ப வேண்டுமாம். எல்லாரும் கம்பளி மாட்டிக்கொண்டு, குல்லாவின் முடிச்சைப் போட்டுக்கொண்டு, சித்திரை வெயிலில் வரிசையாக நின்றோம். கறுப்புத் துணிக்குள் தலைவிட்ட புகைப்படக்காரர், "சிரிங்க, சிரிங்க" என்றார். ஒரு கிழவர் மயங்கி விழுந்தார். அவரை ஓரமாக இழுத்துப்போட்டுவிட்டு இடைவெளியை நிரப்பினார்கள். அந்தப் படம் எங்கோ ஒரு வரவேற்பறைச் சுவரில் இன்றும் தொங்கலாம். பார்க்கும் குளிர்தேசத்துக் கனவான்கள், இவர்களுக்கு எவ்வளவு கதகதப்பாக இருக்கிறது என்று மனம் நெகிழலாம்.

அந்தக் கம்பளிகள் எங்கள் ஊரில் பட்ட பாடு இருக்கிறதே! கையுறை அடுப்பிலிருந்து சட்டி இறக்கப் பயன்பட்டது. மேஜோடுகளை மாட்டின் கொம்புக்கு மாட்டினார்கள், மாடுகள் வெட்கப்பட்டன. கள் இறக்குபவர் ஒரு குல்லாவில் வடிகட்டிப் பார்த்துவிட்டு, ஆட்டு வாடை வருகிறது என்று குடிகாரர்களே துப்பியதும் கைவிட்டார். வயலில் நின்ற சோளக்கொல்லைப் பொம்மைக்குச் சட்டையும் குல்லாவும் போட்டதில் காக்கை பயப்படாமல் கூடு கட்டிக்கொண்டது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது எங்களுக்கு. அக்காவுக்கு மட்டும் வலி சிரிப்பால் வந்ததல்ல. கட்டி வளர்ந்துகொண்டிருந்தது.

ஒருநாள் மாமா ஒரு சேதியோடு வந்தார். பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம், திருப்பாதிரிப்புலியூரில், மளிகையும் மருந்தும் சேர்த்து விற்கும் ஒரு கடைக்காரர் நீலகிரிக்குக் கம்பளி அனுப்புகிறாராம். கம்பளி கொடுத்தால் கொயினா கொடுப்பாராம். இடையில் இங்கிலீஷ் சாவடி இருக்கிறது. மூட்டையாகக் கொண்டுபோனால் பிடுங்கிக்கொள்வார்கள். உடம்பில் போட்டிருக்கும் துணியை ஒன்றும் செய்யமாட்டார்கள்.

"சித்திரை மாசத்துல கம்பளி போட்டுக்கினு போனா பைத்தியம்னு புடிச்சு வெச்சுக்குவான்டி" என்றார் மாமா.

அக்காவின் கண்ணில் பழைய குறும்பு வந்து உட்கார்ந்தது.

"யோவ், நாளைக்கு எனக்கு முறைநாள் தான? உச்சிவேளைக்குச் சாவடியில நிப்போம். வேசம் இன்னாத்துக்குப் போடணும்? அதுவே வந்து ஆடிக் குடுக்கும்."

காய்ச்சல் நாளில் அவளை ஆற்று மணலில் நடத்துவதா என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். "வூட்ல படுத்தாலும் ஆடத்தான போறன்? அத்த அங்க வந்து ஆடுறன்" என்று முடித்துவிட்டாள்.

அக்கா உடம்பில் சட்டைக்குமேல் சட்டை, அதற்குமேல் சட்டை. என் உடம்பிலும் அப்படியே. மேலே புடவை. கரும்புக்கட்டுகள் இரண்டைக் கயிறு கட்டி நடக்கவிட்ட மாதிரி இருந்தோம். ஆறுவரைக்கும் மாமாவின் வண்டி, பிறகு மணல். அந்த மணலை எப்படி எழுதுவேன்! கீழே வறுசட்டிபோல் கொதிக்கும் ஆறு. மேலே ஒரு மேகத் துணுக்குக்கூட இல்லாத வெள்ளை வானம். நடுவே, எங்களை ஒருபோதும் பார்த்திராத பெண்களின் அன்பு, இழை இழையாக எங்கள் தோலைப் பிராண்டிக்கொண்டு. மனித இனத்தின்மீது காட்டப்பட்ட கருணை இவ்வளவு அரிக்கும் என்று எந்த வேதத்திலும் சொல்லியிருக்கவில்லை. மாமாவும் ஒன்று போட்டிருந்தார். பாதி ஆற்றிலேயே கழற்றிக் கையில் பிடித்து, "நான் இங்கியே நிக்கிறன், நீங்க போயிட்டு வாங்க" என்று நின்றுவிட்டார்.

சாவடி நெருங்கும்போது அக்காவின் நகக்கண் நீலமாகிவிட்டிருந்தது. வேப்பமர நிழலில் இங்கிலீஷ் அரசாங்கத்தின் சேவகன் எழுந்து நின்றான்.

"இன்னாம்மா, வெயில்ல கம்பளி?"

"கு... குளிருதுண்ணா."

சிரிக்க வாயெடுத்தவன், அவள் பற்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அது நடிப்பில்லை என்று யாருக்கும் தெரியும். முழங்கால்கள் ஆடின. காதுத் தோடு ஆடியது. எங்கள் ஊருக்கு வந்த அத்தனை கம்பளியிலும், தேவைப்பட்ட நேரத்தில் தேவைப்பட்ட உடம்பில் இருந்தது அந்தச் சில சட்டைகள் மட்டும்தான். அதுவும் அந்த அரைநாழிகை மட்டும்தான்.

"செரி, இந்தப் பொண்ணு இன்னாத்துக்குப் போட்டுக்குது?"

"அவுளுக்கும் வ... வரப்போவுது. ஒட்டிக்கும்ணா. கிட்ட வந்து வேணா சோதிச்சுப் பாரு."

"போ, போ, போ! தள்ளிப் போம்மா!" அவன் மரத்துக்குப் பின்னாலேயே போய்விட்டான்.

கடைக்காரர் எங்களைத் திண்டில் சாய்த்து உட்காரவைத்து, நாங்கள் ஒவ்வொன்றாக உரிப்பதை வியப்போடு பார்த்தார். கம்பளியைத் திருப்பி, இழுத்து, முகர்ந்தார்.

"அந்து படாத சரக்கு. யார் பின்னுனது?"

"பிரெஞ்சுக்காரச் சீமாட்டிங்க" என்றேன்.

"ஊட்டித் தோட்டத்துக் காவல்காரன் போட்டுக்கப்போறான். குடுத்துவெச்சவன்." அலமாரியிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்துவைத்தார். "இதுவும் அந்த மலையிலேர்ந்து வர்றதுதான். கொயினா மரம் அங்கதான் நிக்குது. பட்டைய உரிச்சுக் காய்ச்சுறான் இங்கிலீஷ்காரன்."

புட்டியைக் கையில் வாங்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. எங்கள் நோய்க்கான மருந்து, தமிழ் பேசும் மலையில் மரமாக நின்றுகொண்டிருந்தது. அங்கிருந்து அது எங்கள் தெருவுக்கு வந்துசேர இரண்டு சாம்ராஜ்யமும், ஒரு சமுத்திரமும், யாரோ ஒரு சீமாட்டியின் பின்னல் ஊசியும் வேண்டியிருந்தன. எங்கள் மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, மட்டும் எந்தத் துபாஷியும் இல்லாமல் கப்பலேறி அவர்கள் ஊர் எண்ணெய்ச் செக்குக்குச் சரியாகப் போய்ச்சேர்ந்தது. எங்கள் பையன்களும் அப்படியே, அவர்கள் சண்டைக்குச் சொல்தாவாக, சிப்பாயாகப் போய்ச்சேர்ந்தார்கள். போகிற வழியில் எந்தத் தப்பர்த்தமும் நேரவில்லை. வருகிற வழியில்தான் மொழி இவ்வளவு கஷ்டமாகிவிடுகிறது. போவதற்கு வியாபாரம் என்று பெயர். வருவதற்குத் தர்மம் என்று பெயர். தர்மம் என்றால் எது வந்தாலும் கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், புகைப்படத்துக்கும் நிற்க வேண்டும்.

புட்டி தீரும்வரை விடாமல் விழுங்க வேண்டும் என்று கடைக்காரர் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். அக்கா முதல் மாத்திரையை விழுங்கினாள். காதுக்குள் வண்டு கத்துகிறது என்றாள். அடுத்த முறைநாளில் உச்சிப்பொழுது வந்தது, போனது, குளிர் வரவில்லை. ஆனால் புட்டி வந்த சேதி தெருவில் பரவிவிட்டது. கைக்குழந்தையை இடுக்கிக்கொண்டு ஒருத்தி வந்து வாசலில் நின்றாள். அப்புறம் இன்னொருத்தி. எல்லாரும் அவளோடு சேற்றில் வரிசை பிடித்தவர்கள். அக்கா புட்டியைக் கவிழ்த்துக் கொடுத்தாள். மாமா கத்தினார். "சும்மா இருய்யா. எல்லாம் செத்துட்டு நான் மட்டும் நட்டா, வயல் முடிய வருசமாவும்" என்றாள்.

மருந்து பாதியில் நின்றதால் ஆனி மாதத்தில் குளிர் திரும்பி வந்தது. இந்தத் தடவை இன்னும் உரிமையோடு. அவள் கேலிகூட மெலிந்துவிட்டது. மாமா மறுபடி ஆற்றைத் தாண்டிப் பார்த்தார். கம்பளி காலம் முடிந்துவிட்டது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

அப்போதுதான் மதாம் இரண்டாவது முறை வந்தார். சீமைக்குத் திரும்புமுன், கம்பளி எங்களை எப்படிக் காப்பாற்றியிருக்கிறது என்று கண்ணாரப் பார்க்க வேண்டுமாம். முன்கூட்டியே தகவல் அனுப்பிய மேர், எல்லாரும் குல்லா போட்டு நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். குல்லாக்கள் எங்கே இருந்தன? ஒன்று காக்கைக் கூட்டில், ஒன்று அடுப்படியில். பெண்கள் வெறுந்தலையோடுதான் நின்றார்கள். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். அன்று முறைநாள், குளிர் முன்னதாகவே வந்து ஆடி முடித்து, அனல் ஏறிக்கொண்டிருந்தது.

துபாஷி தொண்டையைச் செருமினார். "கம்பளி அணிந்த பின்பும் குளிர் அகலவில்லையா என்று மதாம் வினவுகிறார்கள்."

"இந்தாள் வாய்ல எது போட்டாலும் வேறயா வெளிய வருது" என்றாள் அக்கா, எங்கள் பக்கம் திரும்பி. பிறகு நேராக மதாமின் முகத்தைப் பார்த்து, ஒரே சொல்லாகச் சொன்னாள்:

"கொயினா."

மதாமின் புருவம் உயர்ந்தது. பிறகு முகம் மலர்ந்துவிட்டது. "கினீன்?"

"அதான். கினீனு."

இந்தத் தேசத்தில் தமக்குத் தானாகப் புரிந்த முதல் சொல் என்று மதாமுக்கு ஒரே குதூகலம். கைப்பையைத் திறந்து, விரல் நீளக் கண்ணாடிக் குழல் ஒன்றை வெளியே எடுத்து உயர்த்திக் காட்டினார். உள்ளே வெள்ளை மாத்திரைகள், ஒன்றின்மேல் ஒன்று அடுக்காக. துபாஷி விளக்கினார்: "மதாம் இதைத் தினந்தோறும் காலையில் உட்கொள்கிறார்கள். இங்கு வந்தது முதல் ஒருநாளும் தவறியதில்லை. ஆகையினால் அவர்களுக்கு யாதொரு சுரமும் அண்டவில்லை. மிகவும் உயர்ந்த மருந்து என்று சொல்கிறார்கள்."

தெரு முழுக்க அந்தக் குழலையே பார்த்தது. போன தையிலும் அது இதே பையில் இருந்திருக்கிறது. எங்கள் வாசலில், கோணிப்பைக் குவியலுக்கு ஒரு முழம் தள்ளி, அவர் முழங்கையில் ஆடிக்கொண்டு.

அக்கா வலது கையை நீட்டினாள்.

மதாம் அந்தக் கையைப் பார்த்தார். கண் கலங்கியது. குழலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, தம் வலது கையால் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்போடு, நன்றாக, முழங்கைவரை ஆடும்படி குலுக்கினார். மேர் கைதட்டினார்.

"கைய உட்றீ" என்று பிறகு அவரே பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லவேண்டியதாயிற்று. ஏனென்றால் அக்கா விடவில்லை. பிடித்த கை பிடித்தபடியே இருக்க, இடது கையை நீட்டி மதாமின் இடது கையிலிருந்து குழலை எடுத்துக்கொண்டாள். பிடுங்கினாள் என்று மேர் பின்னால் சொன்னார். இல்லை, நான் பக்கத்தில் நின்றேன். குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல மெதுவாகத்தான் எடுத்தாள். தக்கையைப் பல்லால் கடித்துத் துப்பினாள். ஒரு மாத்திரையை நாக்கில் கவிழ்த்து, தண்ணீர் இல்லாமல் மென்று விழுங்கினாள். கசப்பில் அவள் முகம் சுருங்கியது. தினமும் விழுங்கிப் பழகிய மதாமின் முகமும், தன்னையறியாமல், அதேபோலச் சுருங்கியது. பிறகு அவர் தம் சுதந்திரமான கையை எடுத்து, மேர் தடுக்குமுன், அக்காவின் நெற்றியில் வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார். கொதித்திருக்க வேண்டும்.

துபாஷியிடம் திரும்பி ஏதோ கடுமையாகக் கேட்டார். மறுபடி கேட்டார். துபாஷி தம் பூட்சில் ஒட்டிய சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா குழலைப் பின்னால் நீட்டினாள். பெண்கள் கைக்குக் கை மாற்றினார்கள். யாரும் திறக்கவில்லை. கைக்குழந்தைக்காரி வரைக்கும் போன குழல் அதே வழியில் திரும்பி வந்தது. "இந்தத் தபா நீ முழுசா முழுங்கித் தொலடி" என்றாள் அவள். "நீ இல்லாம எவ எங்களத் திட்டுவா?"

புரட்டாசியில் ஆஸ்பத்திரிக்குப் பெட்டி வந்தது. இந்தத் தடவை அறுத்தபோது உள்ளே கொயினாவே இருந்தது. மேர் நாற்காலியில் ஏறி, இதற்காகத் தாம் எத்தனை முறை மேலிடத்துக்கு நடந்தார் என்று நெடுநேரம் பேசினார். தாயைப் பற்றியும் பேசினார். கைதட்டச் சொன்னார்கள். எங்கள் தெருப் பெண்கள் ஒருத்தியும் கூட்டத்தில் இல்லை. ஏரி திறந்துவிட்டிருந்தார்கள், சம்பா நடவு. நான் மட்டும் மாத்திரை வாங்க வரிசையில் நின்றேன். வாங்கிக்கொண்டு வரப்போடு திரும்பும்போது, "சின்னச் சிறுக்கிங்களா, அது வரிசையாடி, பாம்பு போன தடமா?" என்று சேற்றுக்குள்ளிருந்து வசவு காற்றில் வந்தது.